வக்கீலுக்கு வக்கீல் தரும் சான்றிதழ் கட்சிக்காரனுக்கு எதற்கு?

தணிக்கையாளர்:
மதுரை வக்கீல் நண்பர் நேற்று இங்கே போகிறபோக்கில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "வக்கீலின் தரம் சக வக்கீலுக்குத்தான் தெரியும். கட்சிக்காரன் ஜெயித்தால் சாமி என்பான், தோற்றால் ஆசாமி என்பான்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

எங்கள் பாகப்பிரிவினை வழக்கை ஒப்படைக்கும் முன் நான்கு வக்கீல்களிடம் விசாரித்தேன். நால்வரும் ஒரே குரலில் "குறுக்கு விசாரணையில் புலி" என்றார்கள். புலிதான். சாட்சி விசாரணைக்குப் போட்டிருந்த நாளில் புலி வரவில்லை. "நீங்கள் வர வேண்டாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்" என்று சொல்லியிருந்ததால் நாங்களும் போகவில்லை. வாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி. அன்று ஏழு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. அதன்பிறகு ஜூனியரிடம் கேட்டபோதெல்லாம் "வாய்தா ஐயா" என்றே பதில். 52 நாள் கழித்து, வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் நானே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வழக்கை மறுபடி கோப்புக்கு எடுக்கச் சொல்லிக் கேட்க 30 நாள்தான் கெடு. அது தாண்டியதால் தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு தனி, செலவு தனி. அந்த நால்வரும் இன்றைக்கும் அவரைப் புலி என்றுதான் சொல்வார்கள்.

வைகைக்கரை வழக்கறிஞர்:
என் ஒரு வரிக்கு உங்கள் குடும்பச் சொத்து வரலாறே பதிலா? இருக்கட்டும். ஏழு முறை அழைத்தீர்கள், எத்தனை மணிக்கு? பத்தரைக்கு நீதிமன்றம் கூடிவிடும். உள்ளே கைப்பேசி ஒலித்தால் நீதிபதி என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியாது.

தணிக்கையாளர்:
முதல் அழைப்பு 10.52, கடைசி அழைப்பு 12.40. அழைப்புப் பதிவைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 34 ஆண்டு தணிக்கையில் இருந்தவன், வவுச்சர் இல்லாமல் பேச மாட்டேன்.

வைகைக்கரை வழக்கறிஞர்:
அது நீதிமன்ற நேரம் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி. வேறு கேள்வி இல்லை.

தணிக்கையாளர்:
அவசரப்படாதீர்கள். அவர் நீதிமன்றத்தில் இல்லை என்பதால்தானே வழக்கு தள்ளுபடி ஆனது? நீதிமன்றத்தில் இருந்ததால் போனை எடுக்கவில்லை, நீதிமன்றத்தில் இல்லாததால் வழக்கு போயிற்று. இரண்டில் எது உங்கள் கட்சி?

வைகைக்கரை வழக்கறிஞர்:
ஒரு வளாகத்தில் ஐந்தாறு நீதிமன்றங்கள் இருக்கும் ஐயா. மாவட்ட நீதிபதி முன்னால் வாதாடிக்கொண்டிருப்பார், சார்பு நீதிமன்றத்தில் உங்கள் வழக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். வழக்கைச் சற்று நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்லி 'பாஸ் ஓவர்' கேட்கப் போன ஜூனியர் கோட்டை விட்டிருப்பான். இந்த நெருக்கடி சக வக்கீலுக்குப் புரியும். அதனால்தான் அவன் மதிப்பீடு நியாயமானது என்றேன்.

தணிக்கையாளர்:
புரியும் என்பதுதான் கோளாறே. உங்களுக்கு ஒருவர் நெருக்கடி இன்னொருவருக்குப் புரிவதால் மன்னித்துவிடுகிறீர்கள். நிலம் போனவனுக்குப் புரியவில்லை. ஏழு முறை!

எடிசன்வாசி:
இங்கே அமெரிக்காவில் இது பழைய பஞ்சாயத்து. மார்ட்டின்டேல்-ஹப்பல் என்ற நிறுவனம் தலைமுறை தலைமுறையாக வக்கீல்களையும் நீதிபதிகளையும் ரகசியமாகக் கேட்டு வக்கீல்களுக்குத் தரம் போடுகிறது. ஐந்துக்கு 4.5 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 'ஏவி' என்ற உச்சத் தரம். சட்ட அறிவு, பகுத்தாயும் திறன், முடிவெடுக்கும் திறன், தொடர்புத் திறன், அனுபவம் என்று ஐந்து தலைப்பு. தொடர்புத் திறனும் இருக்கிறது, கவனியுங்கள். எங்கள் நியூஜெர்சியில் இப்படிப்பட்ட 'சூப்பர் லாயர்ஸ்' பட்டத்தை விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2006இல் வக்கீல் விளம்பரங்களைக் கண்காணிக்கும் நீதிமன்றக் குழு சொன்னது. 2008இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ரத்து செய்தது. ஆக, மதிப்பு இருக்கிறது என்றுதானே பொருள்?

தணிக்கையாளர்:
தொடர்புத் திறன் யாரோடு? நீதிபதியோடா, கட்சிக்காரனோடா? என் போனை அவர் எடுத்தாரா என்று எந்தச் சக வக்கீலுக்குத் தெரியும்? பக்கத்து நாற்காலியில் அமைதி நிலையில் கிடந்த கைப்பேசியை எட்டிப் பார்த்தாரா?

எடிசன்வாசி:
கட்சிக்காரர்களின் கருத்தையும் தனியாக வாங்குகிறார்களே.

தணிக்கையாளர்:
தனியாக வாங்குகிறார்கள் என்றால் சக வக்கீல்கள் போடும் தரம் அதைச் சொல்வதில்லை என்றுதானே அர்த்தம்? என் வேலையை நீங்களே செய்கிறீர்கள் தம்பி.

எடிசன்வாசி:
நான் தம்பி இல்லை. எனக்கு 61 வயது.

மூன்றாம் ஆண்டு மாணவி:
நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவில், உச்ச, உயர் நீதிமன்றங்கள் தரும் 'மூத்த வழக்கறிஞர்' தகுதிக்குத் திறமை, வழக்கறிஞர் மன்றத்தில் உள்ள மதிப்பு, சிறப்பு அறிவு அல்லது அனுபவம் என்றுதான் இருக்கிறது. கட்சிக்காரர் என்ற சொல்லே அந்த அளவுகோலில் கிடையாது. 2017இல் உச்ச நீதிமன்றம் நூறு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. அதில் அனுபவத்துக்கு 20, நேர்காணலுக்கு 25. 2023இல் திருத்தினார்கள், 2025 மே மாதம் அந்த முறையையே கைவிட்டார்கள். இத்தனை கூட்டிக் கழித்தபோதும் கட்சிக்காரரைக் கேட்கலாம் என்று எங்கும் வரவில்லை.

வைகைக்கரை வழக்கறிஞர்:
பாடப்புத்தகம் படித்தால் போதாது அம்மா. மூத்த வழக்கறிஞர் வக்காலத்துத் தாக்கல் செய்யவே கூடாது, கட்சிக்காரரிடம் நேரடியாக விவரம் வாங்கவும் கூடாது. அப்புறம் கட்சிக்காரரைக் கேட்டு என்ன பயன்?

மூன்றாம் ஆண்டு மாணவி:
அதையேதான் நானும் சொல்கிறேன் சார். கட்சிக்காரரைச் சந்திக்காத ஒருவருக்குத் தருவதுதான் இருப்பதிலேயே பெரிய பட்டம்.

வைகைக்கரை வழக்கறிஞர்:
முதலில் தேர்வில் தேறிவிட்டு வாருங்கள்.

பழைய குமாஸ்தா:
சின்னப் பெண்ணிடம் இப்படிப் பேசுவது அழகில்லை. நான் 28 வருடம் மூன்று வக்கீல்களிடம் குமாஸ்தாவாக இருந்தவன். வாய்தா வாங்கிவந்தவுடன் அடுத்த தேதியை வழக்குக் கட்டின் மேலட்டையில் எழுதி, டைரியிலும் ஏற்ற வேண்டும். அட்டையில் தேதி எழுதாமல் ஒரு கட்டு அலமாரியில் கிடந்தால் அந்த வழக்கு அநாதை. வாதத்தில் பெயர் வாங்கியவர் அலுவலகத்திலும் இப்படிப்பட்ட கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அதைச் சக வக்கீல் பார்க்க முடியாது, கட்சிக்காரரும் பார்க்க முடியாது. குமாஸ்தாவைக் கேளுங்கள். ஆனால் எங்களை யார் கேட்கிறார்கள்? குமாஸ்தா ஃபீஸ் தருவதற்கே...

தணிக்கையாளர்:
குமாஸ்தா ஃபீஸ் என்றதும் நினைவு வருகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாங்கினார்கள். தள்ளுபடி ஆன பிறகும் 'வாய்தா'வுக்கு ஒருமுறை வாங்கினார்கள். ரசீது கிடையாது.

பழைய குமாஸ்தா:
என்னைச் சொல்கிறீர்களா?

தணிக்கையாளர்:
பொதுவாகச் சொன்னேன்.

பழைய குமாஸ்தா:
பொதுவாகச் சொன்னால் எனக்கும் சேர்த்துத்தான். போன மாதம் பட்டா மாறுதல் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் கிராம நிர்வாக அலுவலர்கள் அத்தனை பேரையும் திருடர்கள் ஆக்கினீர்கள்.

தணிக்கையாளர்:
அத்தனை பேர் என்று சொல்லவில்லை. 'பெரும்பாலோர்' என்றேன். எடுத்துப் பாருங்கள்.

வைகைக்கரை வழக்கறிஞர்:
சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். கட்சிக்காரர் நட்சத்திரம் போடட்டும் என்கிறீர்களா? இணையத் தளங்கள் வக்கீல்களைத் தரம் போட்டுப் பட்டியலிடுவதைச் சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் கண்டித்தது. வக்கீல் தொழில் மிக்சி வியாபாரம் இல்லை. குறை இருந்தால் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவில், வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.

தணிக்கையாளர்:
எழுதினால் விசாரிப்பது யார்? ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர். மூவரும் வக்கீல்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றிருந்தேன், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல வக்கீல் என்று சொல்வதும் வக்கீல், கெட்ட வக்கீல் இல்லை என்று சொல்வதும் வக்கீல். மிக்சிக்காவது ஒரு வருட வாரண்டி உண்டு.

எடிசன்வாசி:
வாய்தா என்ற சொல் உருது வழி வந்தது என்று நினைக்கிறேன். 'ஒத்திவைப்பு' என்று எழுதலாமே?

வைகைக்கரை வழக்கறிஞர்:
நியூஜெர்சியில் ஒத்திவையுங்கள். இங்கே வாய்தாதான்.

ஐயா, கடைசியாகக் கேட்கிறேன். உங்கள் மாமன் மச்சானுக்கு நாளை ஒரு வழக்கு வந்தால் யாரைக் கேட்பீர்கள்? டீக்கடைக்காரரையா? தெரிந்த வக்கீலைத்தானே?

தணிக்கையாளர்:
வெளியே பெஞ்சில் காத்திருக்கும் கட்சிக்காரர்களில் மூன்று பேரைக் கேட்பேன். "அழைத்தால் எடுக்கிறாரா?" ஒரே கேள்விதான். என் மைத்துனருக்குப் போன வாரம் அப்படித்தான் ஒருவரைப் பிடித்தேன்.

வைகைக்கரை வழக்கறிஞர்:
அவர் வாதாடி எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

தணிக்கையாளர்:
இல்லை. ஆனால் போனை எடுக்கிறார்.

வைகைக்கரை வழக்கறிஞர்:
எத்தனை மணிக்கு?

தணிக்கையாளர்:
11.15க்கு.

வைகைக்கரை வழக்கறிஞர்:
பதினொன்றே காலுக்குப் போனை எடுக்கிற வக்கீலா? அப்படியானால் அவருக்கு வழக்கே இல்லை ஐயா. விசாரித்துப் பாருங்கள்.

தணிக்கையாளர்:
யாரிடம் விசாரிக்க? உங்களிடமா?