வாரம் ஒன்று குடிக்க வேண்டிய வைட்டமின் டி பாக்கெட்டை அம்மா தினமும் குடித்துவிட்டார்

காவிரிக்கரை கேட்கிறார்:
என் அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் வலிக்காகப் பார்த்த மருத்துவர், வைட்டமின் டி குறைவாக இருப்பதாகச் சொல்லி, 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டை வாரம் ஒன்றாக எட்டு வாரங்களுக்கு எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் உறையின் மேல் '1' என்று மட்டும் பேனாவால் எழுதித் தந்திருக்கிறார்கள். அம்மா அதை நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு, இரவுப் பாலில் கலந்து எட்டு நாளில் எட்டையும் முடித்து, தாமே போய் இன்னும் எட்டு வாங்கி, அதிலும் மூன்று தீர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது. நாளிதழை வரி விடாமல் படிப்பவர் அவர். ஆனால் பாக்கெட்டில் எல்லாமே ஆங்கிலம். "சத்து மருந்துதானே, கூடினால் உடம்பு வெளியே தள்ளிவிடும்" என்கிறார். அப்படித்தானா? நிறுத்தினால் மட்டும் போதுமா?

பழைய மருந்தாளுநர்:
அம்மா சொல்வது வைட்டமின் சி போன்று நீரில் கரைபவற்றுக்கு ஓரளவு பொருந்தும். டி கொழுப்பில் கரைவது. உடலிலேயே சேர்ந்து, நிறுத்திய பிறகும் பல வாரங்கள் வேலை செய்யும். மருத்துவர் ஆலோசனையின்றிப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க உச்ச வரம்பு நாளொன்றுக்கு 4,000 யூனிட். உங்கள் அம்மா 11 நாளில் 6,60,000 யூனிட் எடுத்திருக்கிறார். ஒரே ஊசியில் 6 லட்சம் போடும் வழக்கமும் நம் ஊரில் உண்டு என்பதால் அலற வேண்டாம்; ஆனாலும் மருத்துவரிடம் சொல்லி, இந்த வாரமே ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். டி மிகும்போது குடல் கால்சியத்தை அளவுக்கு மேல் உறிஞ்சும். அதனால் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, மனக் குழப்பம் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இவற்றில் எதுவும் தெரிந்தால் பரிசோதனைக்கென்று நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேறு என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார்?

வடக்கு வீதி:
அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். என் மாமனார் எலும்புக்கு ஒன்று, சோர்வுக்கு ஒன்று, வாரப் பாக்கெட் ஒன்று என மூன்றைத் தனித்தனி மருந்தாக நினைத்தே சாப்பிட்டு வந்தார். அட்டைகளைத் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் வைட்டமின் டியின் ஒரு வகையான டி3 இருந்தது. ஒன்றில் யூனிட் கணக்கு, இன்னொன்றில் மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் 40 யூனிட் என்பது அன்றுவரை எனக்கே தெரியாது. இப்போதெல்லாம் மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள அத்தனை அட்டைகளையும் மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு போகிறோம்.

காவிரிக்கரை:
அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். டி3 சேர்ந்த கால்சியம் மாத்திரையும், ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த ரத்த அழுத்த மாத்திரையும் இருக்கின்றன.

பழைய மருந்தாளுநர்:
நல்ல வேளை, பார்த்தீர்கள். அழுத்த மாத்திரையில் கலந்திருக்கும் அந்தத் தயசைடு வகை மருந்து, கால்சியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும். எனவே பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டி பாக்கெட்டும் கால்சியமும் இப்போது வேண்டாம். அழுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரை இன்றே தொலைபேசியில் கேளுங்கள்.

காவிரிக்கரை:
கேட்டுவிட்டேன், நாளைக் காலை ரத்தம் கொடுக்கிறோம். மீதி ஐந்து பாக்கெட்டுகளையும் என் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைக்காரரிடம் உறையைக் காட்டியதற்கு, வாரம் ஒன்று என்று வாயால் சொன்னதாகச் சொல்கிறார். அம்மாவோ அவர் சில்லறையைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசவில்லை என்கிறார்.