ரைஃப்ளிங்: மரையா, காடியா, புரியா?

எல்லாருக்கும் வணக்கமுங்க,

ரைஃபிள் துப்பாக்கிக் குழலுக்குள்ள முறுக்கு முறுக்கா வெட்டற பள்ளத்துக்கு இங்கிலீஷ்ல ரைஃப்ளிங்னு பேரு, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு நம்ம குழுவுல நடக்கற பேச்சுல இதுவரைக்கும் மரை, வரி, காடி, சுழல்வெட்டுன்னு நாலு சொல் வந்திருக்கு. நான் கோயம்புத்தூர்ல பதினோரு வருஷம் லேத் பட்டறையில நின்னவன், இப்ப மொழிபெயர்ப்பு வேலை பாக்கறேன், கையில இருக்கற கட்டுரை அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கம் வீட்டுப் பட்டறையில பழைய முறையில நீளத் துப்பாக்கி செய்யறவங்களைப் பத்தினது, பக்கத்துக்குப் பத்து தடவை இந்த வார்த்தை வருது. இது தப்பாப் போனா கட்டுரை முழுக்கத் தப்பாயிடும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

பொருள் என்னன்னு முதல்ல பாத்துடலாம். துப்பாக்கிக் குழலுக்கு உள்ள, ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும், நேரா போகாம மெதுவா முறுக்கிக்கிட்டே போற பள்ளங்கள். குண்டு வெளிய வரும்போது அந்த முறுக்குல மாட்டி சுழன்டுக்கிட்டே வரும், பம்பரம் சுத்தறப்ப சாயாம நிக்குதில்ல அதே மாதிரி குண்டும் காத்துல தடுமாறாம போகும். ரைஃபிள்ங்கற பேரே இந்தப் பள்ளத்துல இருந்து வந்ததுதான், பிரெஞ்சுல ரிஃப்லேன்னா கீறறது. ஆயுதத்துக்கே பேர் குடுத்த வேலை இது, நம்மகிட்ட ரைஃபிளும் துப்பாக்கிதான், வேட்டைக்காரன் வெச்சிருந்த, உள்ள பள்ளமே இல்லாத மொழுக்கைக் குழலும் துப்பாக்கிதான், ரெண்டுக்கும் வித்தியாசமே தமிழ்ல தெரியறதில்லை.

மரைன்னு சொன்ன ஐயாவுக்கு என் மரியாதை, திருகாணியைச் சுத்தி ஓடற பள்ளத்துக்கு நாங்க சொல்ற பட்டறைச் சொல்லை எடுத்துட்டு வந்தாரு, ஆனா பட்டறைக்காரனாத்தான் நான் அதை ஒத்துக்க மாட்டேன். விட்வொர்த்ங்கற அளவு முறையில வர்ற அரை அங்குல போல்ட்டுல ஒரு அங்குலத்துக்கு 12 மரை. நான் சொல்ற அந்த பென்சில்வேனியா துப்பாக்கியில முறுக்கு பல சமயம் 48 அங்குலத்துக்கு ஒரே ஒரு சுத்து. குழல் நீளமே பெரும்பாலும் 42, 44 அங்குலம்தான், அதாவது பள்ளம் குழலை விட்டு வெளிய வர்ற வரைக்கும் ஒரு முழுச் சுத்து கூட முடிக்காது! மரைன்னு எழுதினா படிக்கறவன் மனசுல நட்டு போல்ட்டுதான் வரும், குண்டு திருகாணி மாதிரி திருகிக்கிட்டு வருதுன்னு நினைச்சுக்குவான். அது இல்லை.

காடி, அதாவது நீளப் பள்ளம், நல்ல சொல்லுதான். தச்சர் பலகையில காடி எடுக்கறதும் இதுவும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். ஆனா காடிக்குழல்னு முழுப் பொருளுக்கும் வெச்சா ஒரு இடத்துல உடையும். ஜோசப் விட்வொர்த், ஆமா, 1841ல 55 டிகிரி கோணத்துல மரைக்கு அளவு முறை கொண்டு வந்த அதே ஆள்தான், 1850கள்ல ஒரு ரைஃபிள் செஞ்சாரு, அதுல பள்ளமே கிடையாது. குழலோட துளையே ஆறு பட்டையா இருக்கும், அந்த ஆறு பட்டையும் 20 அங்குலத்துக்கு ஒரு சுத்து முறுக்கியிருக்கும். காடி இல்லாத இதைக் காடிக்குழல்னு எப்படிச் சொல்லறது? வரிக்குழலும் இதே மாதிரிதான் விழும். ஒரே மனுசன் மரைக்கும் கணக்கு போட்டு இதுக்கும் கணக்கு போட்டிருக்காரு, அவருக்கு ரெண்டும் வேற வேற வேலை, நமக்கும் வேற வேற சொல் வேணும். எங்க பட்டறையில தினமும் விட்வொர்த் விட்வொர்த்னு சொல்லிக்கிட்டிருந்தோம், அது ஒரு ஆளோட பேருன்னே எனக்கு இந்தக் கட்டுரையை எடுத்தப்பறம்தான் தெரியும்.

என்னோட பரிந்துரை புரி. குழல்ல வெட்டற வேலை புரியிடல், குழல் புரிக்குழல். பொள்ளாச்சி பக்கம் எங்க பெரியம்மா ஊர்ல தென்னை நார்க் கயிறு திரிக்கறதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். மூணு புரியை மூணு கொக்கியில மாட்டி, அந்தக் கோடியில ஒரு அம்மா பின்னாடி பின்னாடி நடந்துக்கிட்டே போவாங்க, இந்தக் கோடியில ராட்டை சுத்தும், நார் கையில கரகரன்னு ஓடும், ஒவ்வொரு புரியும் தனித்தனியா கண்ணுக்குத் தெரியும் ஆனா எல்லாம் ஒண்ணா ஒரே பக்கம் முறுக்கிக்கிட்டு போகும். ஒரு புரியை மட்டும் விரலால பிடிச்சுக்கிட்டே போனா அது மெதுவா கயித்தைச் சுத்தி மறுபக்கம் போய் திரும்பி வரும். ரைஃபிள் குழலுக்குள்ள இருக்கறது அச்சா இதேதான். ஏழு புரி, எட்டு புரின்னு எண்ணிக்கையும் தானா வந்துடுது.

ஒரு தடை இருக்கு, அதை நானே சொல்லிடறேன். பள்ளிப் புத்தகத்துல திருகு அளவிக்கு (ஸ்க்ரூ கேஜ்) புரியிடைத் தூரம்னு இருக்கு, அதாவது திருகோட மரையையே அவங்க புரின்னு எழுதிட்டாங்க. சொல்லு மோதாதான்னு கேப்பீங்க. மோதாதுன்னு நினைக்கறேன், குழல்ங்கற அடை கூடவே வருது. ஆனா புரியிடைத் தூரம்ங்கறதை மட்டும் இங்க இழுத்துட்டு வரக் கூடாது. புரி ஏழு இருந்தா குழல் நீளவாக்குல ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் நடுவுல இருக்கற தூரம் வேற, ஒரே புரி முழுச் சுத்து முடிக்க எடுத்துக்கற நீளம் வேற, இந்த நீளம் அந்தத் தூரத்தைப் போல ஏழு மடங்கு. ரெண்டு ஸ்டார்ட் மரை, அதாவது ஒரே திருகுல ரெண்டு மரை சேந்து ஓடறது, வெட்டினவங்களுக்கு இது உடனே புரியும். ரைஃபிள்காரங்க பேசறது எப்பவுமே முழுச் சுத்து நீளத்தைத்தான். அதுக்குக் கயிறு திரிக்கறவங்க சொல்லே இருக்கு, முறுக்கு. 48 அங்குல முறுக்கு, 10 அங்குல முறுக்கு. நம்ம ஊர்ல போலீஸ்காரங்க தோள்ல இருந்த 303 ரைஃபிளுக்கு 10 அங்குல முறுக்கு, 5 புரி. சொல்லிப் பாருங்க, எங்கயும் தட்டலை.

இனி நான் மனசு மாறின இடம். அந்த 303 இடப்பக்கம் முறுக்கினது. கோல்ட் ரிவால்வரும் இடப்பக்கம், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் வலப்பக்கம், தடயவியல்காரங்க குண்டைப் பாத்ததும் முதல்ல கவனிக்கறதுல இதுவும் ஒண்ணு. இதுக்கு வலம்புரி, இடம்புரின்னு வெச்சுட்டா எவ்வளவு அழகு, சொல்லு ரெடியா இருக்குன்னு எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரலை. அப்பறம் சங்கைப் பத்திப் படிச்சேன். நாம வலம்புரின்னு கும்பிடற அபூர்வமான சங்கை உயிரியல்ல இடச்சுழின்னுதான் சொல்றாங்க, சாதாரணமா கிடைக்கற சங்குதான் அவங்களுக்கு வலச்சுழி. அவங்க நுனியை மேல வெச்சுப் பாக்கறாங்க, நாம தலைகீழா பிடிச்சுப் பாக்கறோம். சங்கை எப்படிப் பிடிச்சாலும் அதோட முறுக்கு மாறாது, வலம்புரிச் சங்கோட முறுக்கு லேத்துக்காரன் கணக்குல லெஃப்ட் மரைதான். அப்ப வலப்பக்கம் முறுக்கின குழலை வலம்புரின்னு எழுதினா, சங்கைக் கையில வெச்சு ஒருத்தர் ஒப்பிட்டுப் பாத்தா நேர் எதிரா இருக்கும். துப்பாக்கி வழக்குல இடதா வலதாங்கறதுல ஒரு ஆளோட வாழ்க்கையே இருக்கலாம், அங்க இந்தக் குழப்பத்துக்கு இடமே குடுக்கக் கூடாது. அதனால எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லை நானே விட்டுட்டேன். வலமுறுக்கு, இடமுறுக்குன்னு வெப்போம். குழலோட பின்பக்கம் நின்னு பாக்கறப்ப புரி முன்னால போகப் போக கோயில் வலம் வர்ற மாதிரி, கடிகார முள் மாதிரி சுத்தினா வலமுறுக்குன்னு விளக்கத்தையும் சேத்தே எழுதிடணும்.

பள்ளத்துக்கும் அதுக்கு நடுவுல மேடா நிக்கறதுக்கும் தனிச் சொல் வேணும். பள்ளத்துக்குக் காடி, அது தச்சர் சொன்னபடியே இருக்கட்டும். மேட்டுக்கு வரப்பு. இங்கிலீஷ்ல இதை லேண்டுன்னு சொல்றாங்க, அதுவே உழவுல இருந்து போன சொல்லு, ரெண்டு உழவுசாலுக்கு நடுவுல நிக்கற மேடு. அதனால நிலம்னு மொழிபெயர்த்தா அர்த்தமே இல்லாம போயிடும், வரப்புன்னா நம்ம வயக்காட்டுலயே நிக்குது. இது ஏன் முக்கியம்னா, 303ங்கற எண்ணு வரப்புக்கு வரப்பு அளந்தது, 0.303 அங்குலம். அதுல போற குண்டோட விட்டம் 0.311க்கு மேல, ஏன்னா குண்டு காடியையும் நிரப்பணும். வரப்பு விட்டம், காடி விட்டம்னு ரெண்டு சொல்லு இருந்தா இதை ஒரே வரியில சொல்லிடலாம், வெறும் துளை விட்டம்னு எழுதினா எந்த விட்டம்னு யாருக்கும் தெரியாது. வரப்பு குண்டு மேல விட்டுட்டுப் போற கோட்டுக்குப் புரித்தடம்.

அந்தப் பழைய பட்டறை வேலையைக் கொஞ்சம் சொல்றேன், சொல் தேட உதவும். 18ஆம் நூற்றாண்டுல ஜெர்மன் பேசற நாடுகள்ல இருந்து பென்சில்வேனியாவுக்குக் குடியேறின கொல்லர்கள், லங்காஸ்டர் பக்கம் நிறைய பேரு, புரியிட ஒரு மர பெஞ்சு வெச்சிருந்தாங்க. அதுல முறுக்குப் பள்ளம் வெட்டின ஒரு உருண்டை மரம் வழிகாட்டியா ஓடும், அது சுத்தற சுத்துதான் குழலுக்குள்ள போற சின்ன வெட்டுப்பல்லுக்கும். ஒரு இழுப்புக்கு மயிரிழை அளவுதான் உலோகம் வரும், காடி ஆழமாக ஆகப் பல்லுக்கு அடியில காகிதத் துண்டு வெப்பாங்களாம். இழைப்புளி வேலைதான் இது, அதனால இந்த முறைக்கு இழைப்புப்புரி. இப்ப ஃபேக்டரியில குழலை வெளிய இருந்து சம்மட்டி மாதிரி அடிச்சு உள்ள இருக்கற அச்சுல புரி பதிய வெக்கறாங்க, அது அடிப்புரி. உள்ள கெட்டியான ஒரு குமிழை அழுத்தி இழுத்துப் பதிக்கறது அழுத்துப்புரி. இந்த மூணும் போதும்னு நினைக்கறேன்.

புரியில்லாத குழலுக்கு வழுக்குழல்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரு, வேண்டாம் தம்பி, வழுன்னா பிழைங்கற அர்த்தமும் இருக்கு. மொழுக்குழல்னு வெக்கலாம். குழலை வெட்டிச் சின்னதாக்கறதுக்குக் குழல் குறுக்கல், இது சட்ட மொழிபெயர்ப்புக்கு வேணும், நம்ம 1959 ஆயுதச் சட்டத்துல 6ஆவது பிரிவு லைசென்ஸ் இல்லாம குழலைக் குறுக்கக் கூடாதுன்னு சொல்லுது, அமெரிக்காவுலயும் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் கீழ போனா தனிச் சட்டம் வந்துடும். வீட்டுல குழல்ல கை வெக்கறதைப் பத்தின எந்தக் கட்டுரையா இருந்தாலும் இந்தச் சொல் தெளிவா இருக்கணும்.

கடைசியா ஒண்ணு எனக்குச் சிக்கலாவே இருக்கு. அந்தக் காலத்துல சுட்டுச் சுட்டு புரி தேஞ்சு போச்சுன்னா குழலைத் தூக்கிப் போட மாட்டாங்க, கொல்லர்கிட்ட குடுத்து அதே காடியை மறுபடியும் ஆழமா எடுத்து வாங்கிக்குவாங்க, துளை கொஞ்சம் பெருசாயிடும், குண்டு வார்க்கற அச்சையும் மாத்திக்கணும். இங்கிலீஷ்ல இதைப் புதுசாக்கறதுங்கற மாதிரி ஒரு சொல்லுல சொல்றாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது அம்மி கொத்தறது ஆட்டுக்கல் கொத்தறதுன்னு தெருவுல குரல் குடுத்துக்கிட்டு வருவாங்களே அதுதான், தேஞ்ச கல்லை மறுபடி வேலைக்கு ஆக்கறது. புரி கொத்தல்னு எழுதி வெச்சிருக்கேன். ஆனா கொத்தறதுன்னா உளியால தட்டறது, இங்க நடக்கறது சீவறது, பட்டறைக்காரன் மனசு ஒத்துக்க மாட்டேங்குது. மறுபுரியிடல்னா சரியாத்தான் இருக்கு, ஆனா உசுரே இல்லை. வீட்டுல இழைப்புளி பிடிச்ச தச்சர், அரம் பிடிச்ச கொல்லர் யாராவது பெரியவங்க இருந்தா தேஞ்ச காடியைத் திரும்ப எடுக்கறதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, அது வர்ற வரைக்கும் அந்த ஒரு பத்தியை மட்டும் நிறுத்தி வெக்கறேன்.