மாத்திரைக்குக் கேட்காத காய்ச்சல்: எல்லைப் பக்க அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை வாசகி:
2024 தொடக்கத்தில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ருத்' என்று டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் (பாக்டீரியா கிருமியை அடக்கும் மருந்து) விற்கும் கடைகளைப் பிடிக்கச் சோதனை போட ஆரம்பித்தது. அதன் பிறகு பாலக்காடு மாவட்டத்தில் எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊர்க் கடைகளில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் கையை விரித்துவிடுகிறார்கள். சீட்டோடு போனால் நீல உறையில் போட்டுத் தருகிறார்கள். எனக்கு இது நிம்மதியாக இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் பலரும் இப்போது பைக்கை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பக்கம் போய் வாங்கி வருகிறார்கள்.

எங்கள் அத்தைக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். ஒவ்வொரு முறையும் யாராவது அந்தப் பக்கத்திலிருந்து பழைய மாத்திரையையே வாங்கித் தருவார்கள். எரிச்சல் நின்றதும் மீதியை டப்பாவில் போட்டுவைப்பார். கடைசியில் குளிர் காய்ச்சல் வந்து எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், நான்தான் துணைக்கு இருந்தேன்.

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள். வந்த தாளில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது என்று டாக்டர் விளக்கினார். சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். செஃபிக்ஸிம் ஆர். வாயில் விழுங்கும் மாத்திரை எல்லாமே ஆர். மெரோபெனம் ஊசியில்தான் அத்தை பிழைத்தார். அதுவும் கேட்காத நோயாளிகள் இப்போது வருகிறார்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

பொள்ளாச்சி மருந்துக்கடைக்காரர்:
அக்கா, எங்கள் பக்கமும் சட்டம் அதேதான். 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியல், அதாவது சீட்டோடு பதிவேடும் கட்டாயமான மருந்துகளின் பட்டியல், நாடு முழுக்க இருக்கிறது. செஃபிக்ஸிம், மெரோபெனம் எல்லாம் அதில் வரும். டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் சீட்டு கட்டாயம். சில கடைகள் கொடுத்துவிடுகின்றன என்பது உண்மை, தொழிலில் இருப்பவனாக எனக்கு அதில் கோபம் உண்டு.

ஆனால் வாங்க வருகிறவர்களையும் பார்க்கிறேன். பெரும்பாலும் தோட்ட வேலைக்காரர்கள், தறி ஓட்டுகிறவர்கள். டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போச்சு, அதற்கு மேல் ஃபீஸ். பிள்ளைக்குச் சளி என்று வருபவரிடம், இது பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது என்று பொறுமையாகச் சொன்னால் பாதிப் பேர் கேட்டுக்கொள்கிறார்கள். உங்கள் பக்கம் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் (அரசு சுகாதார நிலையத்தில்) சாயங்கால ஓ.பி. இருக்கிறதே, வேலை முடிந்து அங்கே போகச் சொல்லுங்கள்.

சித்தூர் (பாலக்காடு) கோழிப் பண்ணைக்காரர்:
மனுஷர் மட்டும் திருந்தினால் போதாது. கோழி சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்த காலம் ஒன்று இருந்தது. வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. 2015-இல் சீனாவில் பன்றிகளில் இருந்த கிருமிகளில், அந்த மருந்தைத் தாங்கும் சக்தியைத் தரும் எம்.சி.ஆர்-1 என்ற ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்கும் தாவக்கூடியது. நம் நாட்டில் 2019-இல் கொலிஸ்டினைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள்.

இப்போது நான் தடுப்பூசி, ஷெட்டில் காற்றோட்டம், தரையில் காய்ந்த உமி இந்த மூன்றையும் விடுவதில்லை. கோழிக்கு நோய் கண்டால் கால்நடை மருத்துவர் எழுதினால்தான் மருந்து. கொடுத்தபின், மருந்து கோழியின் உடம்பிலிருந்து நீங்க அவர் சொல்லும் கெடு முடியாமல் ஒரு கோழியையும் லாரியில் ஏற்றுவதில்லை. வியாபாரி அவசரப்படுத்துவார், நஷ்டமும் வரும். அப்படியும் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகி:
சாயங்கால ஓ.பி. பற்றித் தெருப் பெண்களிடம் சொல்லிவிட்டேன் தம்பி, ரெண்டு பேர் போயும் வந்துவிட்டார்கள். அப்புறம், டப்பாவில் கிடக்கும் மீதி மாத்திரை விஷயம். குப்பையிலோ சாக்கடையிலோ போட்டால் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிடும். கோழிக்கோட்டில் 2025-இல் வீடுவீடாகப் பழைய மருந்து சேகரிக்கும் திட்டம் தொடங்கினார்கள். எங்கள் வார்டுக்கும் அது வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் மனு கொடுக்கிறோம். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.