குடும்பக் குழு: பிள்ளை ஜேர்மனியில யூரா (சட்டம்) படிக்கப் போறா

ஹம் மாமி: பிள்ளை அபிட்டூர் (ஏ/எல் மாதிரி) முடிச்சிட்டு யூராதான் படிப்பன் எண்டு நிக்கிறா. 3 வருசத்தில பச்சிலர், பிறகு மாஸ்டர், அவ்வளவுதானே? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

எசன் அக்கா: மாமி, லோயராகிறதுக்கு அந்தக் கணக்கு சரிவராது. யூராவுக்கு வழி ஸ்டாட்ஸ்எக்ஸாமன் (அரசாங்கச் சோதனை). படிப்புக்கு 10 செமஸ்டர் எண்டு போட்டிருப்பினம். பிறகு 2 வருசம் ரெஃபரெண்டாரியாட் (வேலைப் பயிற்சிக் காலம்), அதின்ர முடிவில ரெண்டாவது ஸ்டாட்ஸ்எக்ஸாமன். ரெண்டையும் பாஸ் பண்ணினால்தான் லோயராவோ நீதிபதியாவோ வரலாம். 7 வருசத்துக்குக் குறைய யோசிக்காதேங்கோ.

ஹம் மாமி: ஃபாஹ்ஹோஹ்ஷூலயில (தொழில்சார் உயர்கல்லூரி) 'விர்ட்ஷாஃப்ட்ஸ்ரெஹ்ட்' (வணிகச் சட்டம்) எண்டு ஒண்டு இருக்காம். அது கெதியா முடியுமாமே?

எசன் அக்கா: முடியும். கம்பனி, பாங்க், இன்சூரன்ஸ் பக்கம் வேலைக்கு அது நல்ல படிப்பு. ஆனா அதை வைச்சு கோட்டில வாதாடேலாது, ரெஃபரெண்டாரியாட்டுக்கும் எடுக்கமாட்டினம்.

டோர்ட்முண்ட் சித்தப்பா: சட்டத்தைப் பாடமாக்கிறதுக்கு 7 வருசமா 😄

மூன்ஸ்டர் தம்பி: சித்தப்பா, பாடமாக்க வேண்டியதில்லை, சட்டப் புத்தகம் சோதனை மேசையிலயே இருக்கும். குட்ஆக்டன் (சம்பவத்தைச் சட்டப்படி படிபடியாச் சோதிச்சு எழுதுறது) எழுதத் தெரியாததாலதான் கனபேர் விழுகினம். கேள்வியா ஒரு சம்பவம் தருவினம். 16 வயசுப் பெடியன் ஒருத்தன் 300 ஒய்ரோவுக்குச் சைக்கிள் வாங்குறான், தாய் தகப்பனுக்குத் தெரியாது. சைக்கிளைக் குடுத்தாச்சு, காசு வரேல்லை. வித்தவர் காசு கேக்கலாமோ?

ஹம் மாமி: கேக்கலாம்தானே?

மூன்ஸ்டர் தம்பி: 'கேக்கலாம்' எண்டு துவங்கினாலே புள்ளி போச்சு. முதல் வசனம் 'பே-கே-பே (சிவில் சட்டக் கோவை) பரகிராப் 433, ரெண்டாம் பந்தியின்படி காசு கேக்கும் உரிமை இருக்கக்கூடும்' எண்டு வரவேணும். பிறகு வரைவிலக்கணம், அதுக்குள்ள இந்தச் சம்பவம் அடங்குதோ எண்ட சோதிப்பு, கடைசியா முடிவு. ஒவ்வொரு சின்ன விசயத்துக்கும் இதே ஒழுங்கு.

மூன்ஸ்டர் தம்பி: இங்க பரகிராப் 108 வருது. தாய் தகப்பன் சம்மதிக்கும் வரைக்கும் ஒப்பந்தம் தொங்கல்ல நிக்கும், மறுத்தால் காசு கேக்கேலாது. சரி, சைக்கிளையாவது 985ஐக் காட்டித் திருப்பிக் கேக்கலாமோ எண்டால் அதுவும் ஏலாது. 985 சொந்தக்காரருக்குத்தான். 929இன்படி சைக்கிள் பெடியனுக்குச் சொந்தமாயிட்டுது, அவனுக்கு அதில நன்மை மட்டும்தான் எண்டபடியா 107 அதைத் தடுக்காது. கடைசியில, காரணமில்லாமல் கிடைச்சதைத் திருப்பிக் குடுக்கவேணும் எண்ட 812ஆல திருப்பி எடுக்கலாம்.

டோர்ட்முண்ட் சித்தப்பா: ஒப்பந்தம் இல்லை, ஆனா சைக்கிள் அவன்ர?? விசர் சட்டம்.

எசன் அக்கா: 😂 முதலாம் செமஸ்டர்ப் பிள்ளையள் எல்லாரும் உதைத்தான் கேக்கினம். விக்கிற ஒப்பந்தம் வேற, உரிமை மாறுறது வேற. ஒண்டு பிழைச்சால் மற்றது தானாப் பிழைக்காது. இதில தடக்கினால் பே-கே-பே முழுக்கத் தடக்கும்.

ஹம் மாமி: புள்ளி எப்பிடிப் போடுறவை? 1, 2 எண்டோ?

எசன் அக்கா: இல்லை மாமி, 0 தொடக்கம் 18 வரைக்கும். 4 எடுத்தால் பாஸ். 9 அல்லது அதுக்கு மேல எடுத்தால் 'பிரெடிகாட்ஸ்எக்ஸாமன்' (திறமைச் சித்தி), பெரிய கன்ஸ்லைகளும் (லோயர் ஒபிஸ்) நீதித்துறையும் பாக்கிறது அதைத்தான். அபிட்டூரில 1,3 எண்டு திறமா எடுத்த பிள்ளை முதல் க்ளவுசூரில (எழுத்துச் சோதனை) 5 புள்ளியோட வந்து அழுதால் பயப்படாதேங்கோ. 5 எண்டது சாதாரணம். 16 எல்லாம் கண்ணில காணக் கிடையாது.

மூன்ஸ்டர் தம்பி: முதல் எக்ஸாமனில 70 வீதம் அரசாங்கச் சோதனை, 30 வீதம் யூனியின்ர ஷ்வேர்புங்ட் (தெரிவுப் பாடம்). எங்கட என்.ஆர்.டபிள்யூ மாநிலத்தில 6 க்ளவுசூர்: சிவில் 3, பொதுச்சட்டம் 2, கிரிமினல் 1. ஒவ்வொண்டும் 5 மணித்தியாலம். பிறகு வாய்மொழி. மூன்ஸ்டர், போகும், பீலஃபெல்ட் பிள்ளையளுக்கு சோதனை அலுவலகம் உங்கட ஹம்மில, ஓபர்லாண்டஸ்கெரிஹ்ட்டிலதான் (மேல்நீதிமன்றம்).

ஹம் மாமி: பெயில் விட்டால்?

மூன்ஸ்டர் தம்பி: இன்னொருக்கா எழுதலாம். அதிலயும் போனால் ஜேர்மனி முழுக்கக் கதவு பூட்டு, வேற மாநிலத்துக்குப் போயும் எழுதேலாது. 8ஆம் செமஸ்டருக்குள்ள முதல் தரம் போனால் அது 'ஃபிரைஃபெர்சூஹ்', விழுந்தாலும் கணக்கில வராது. பச்சிலரும் சேத்துத் தாற யூனிகள் இருக்கு, மன்ஹைம், பொட்ஸ்டாம் மாதிரி. விழுந்தாலும் கையில ஒரு பட்டம் நிக்கும். யூனியைத் தெரிவுசெய்யேக்க இதையும் பாருங்கோ.

எசன் அக்கா: நான் சொல்லுறது ஒண்டுதான். வாசிச்சு வாசிச்சு கோடு கீறிக்கொண்டிருக்கிற பிள்ளையள்தான் கடைசியில திணறுறது. முதலாம் செமஸ்டரிலேயே கிழமைக்கு ஒரு கேஸ், நேரம் வைச்சு முழுசா எழுதவேணும். ஆர்பைட்ஸ்கெமைன்ஷாஃப்ட்டுக்குப் போகாமல் விடக்கூடாது, சின்னக் குழு எண்டபடியா அங்கதான் எழுதினதைத் திருத்துவினம். லீவு எண்டு பேர், அதுக்குள்ளதான் ஹவுஸ்ஆர்பைட்டும் (வீட்டில எழுதுற கட்டுரை) ப்ராக்டிகுமும் (வேலைப் பயிற்சி) வரும். எல்லாமாச் சேத்து 3 மாசம் ப்ராக்டிகும் கட்டாயம்.

டோர்ட்முண்ட் சித்தப்பா: ரெப்பெட்டிட்டோருக்கு (சோதனைக்குத் தயார்படுத்துற டியூசன்) மாசாமாசம் காசு கட்டினால்தான் பாஸ் எண்டு இங்க ஒரு கதை.

எசன் அக்கா: அது கட்டாயமில்லை. யூனியே காசில்லாமல் ரெப்பெட்டிட்டோரியும் நடத்துது, சோதனை மாதிரியே க்ளவுசூர்க் கூர்ஸும் இருக்கு. காசு கட்டினால் ஒரு ஒழுங்கு கிடைக்கும், எழுதுறது பிள்ளைதான்.

ஹம் மாமி: அந்தப் பெரிய சிவப்புப் புத்தகங்கள் இப்பவே வாங்கவோ?

மூன்ஸ்டர் தம்பி: வேண்டாம் மாமி. முதல் வருசத்துக்கு டாஷன்புஹ் (சின்னப் புத்தகம்) அளவில சட்டப் பதிப்புகள் காணும். சிவப்பு ஓர்ட்னருக்கு (தாள் கோக்கிற பைல்) வருசத்தில பலதரம் புதுத் தாள் வரும், பழசைக் கழட்டிப் புதுசைப் போடவேணும். ரெண்டு தரம் விட்டால் எந்தத் தாள் எங்கயெண்டு தெரியாது. பாவிச்சது வாங்கினால் எந்த நாஹ்லீஃபெருங் (புதுத் தாள் தொகுதி) வரைக்கும் போட்டிருக்கு எண்டு முதல்ல பாருங்கோ.

எசன் அக்கா: பாஃபெக் (அரசாங்கப் படிப்பு உதவிக் காசு) கிடைக்குமெண்டால் படிப்புத் துவங்குற மாசத்துக்குள்ளேயே விண்ணப்பியுங்கோ. பேப்பர் குறைஞ்சாலும் பரவாயில்லை, விண்ணப்பம் குடுத்த மாசத்திலயிருந்துதான் காசு, முன்னுக்குப் போய்க் கணக்குப் பாக்கமாட்டினம். நாலாம் செமஸ்டர் முடிய ஃபோர்ம்பிளாட் 5 (படிப்பு ஒழுங்காப் போகுது எண்ட சான்று) கேப்பினம். அதுக்குத் தேவையான ஷைன்கள் (பாடம் பாஸ் பண்ணின சான்றுகள்) இல்லாட்டிக் காசு நிண்டிடும்.

யாழ் பெரியம்மா: இங்க லோ படிச்ச பிள்ளை அங்க வந்து எல்எல்எம் (சட்ட மாஸ்டர்) செய்தால் லோயராகலாமோ?

எசன் அக்கா: பெரியம்மா, வெளிநாட்டில சட்டம் படிச்ச ஆக்களுக்கெண்டே 2 செமஸ்டர் எல்எல்எம் இருக்கு. ஜேர்மன் மொழியில எண்டால் மொழிச் சோதனையா டேஎஸ்ஹா 2 இல்லாட்டி டெஸ்ட்டாஃபில நாலு பகுதியிலயும் 4 கேப்பினம். ஆனா அதால இங்க அன்வால்ட் (லோயர்) ஆகேலாது. அதுக்கு முதலாம் செமஸ்டரில இருந்து திரும்பத் துவங்கவேணும்.

ஹம் மாமி: பிள்ளையிட்ட இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான். அது பிரச்சினையோ?

எசன் அக்கா: படிக்கவும் அன்வால்ட் ஆகவும் பிரச்சினையில்லை. நீதிபதியா வரோணுமெண்டால் ஜேர்மன் குடியுரிமை வேணும். 2024 யூன் 27 தொடக்கம் ஜேர்மனி பழைய பாஸ்போட்டை விடச்சொல்லிக் கேக்கிறேல்லை. ஐன்பியூர்கருங்குக்குப் (குடியுரிமை எடுக்கிறது) பேப்பரை இப்பவே குடுங்கோ, அது கனகாலம் இழுக்கும்.

டோர்ட்முண்ட் சித்தப்பா: மாமி, இடம் மட்டுப்படுத்தின யூனியளுக்கு யூலை 15தான் கடைசி நாள். மூன்ஸ்டர், போகும், கெல்ன் மூண்டிலயும் எப்பிடி விண்ணப்பிக்கிறதெண்டு இண்டைக்கே பாருங்கோ. சிலது ஹோக்ஷூல்ஸ்டார்ட்டில (பொது விண்ணப்பத் தளம்), சிலது யூனியின்ர சொந்தப் பக்கத்தில.

ஹம் மாமி: சரி, பிள்ளையை எழுப்பி லாப்டொப்புக்கு முன்னால இருத்திறன். அபிட்டூர் சேர்ட்டிபிகேட் ஸ்கேன் பண்ணவேணுமோ?

மூன்ஸ்டர் தம்பி: ஓம், எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப்ல. போட்டோ எடுத்துப் போடாதேங்கோ 🙏