பழைய ஆட்-ஆனா, டிஜிட்டல் ஸ்கோப்பா? இரவில் எங்களுக்கு நடந்தவை

நான்கு ஆண்டுகளாகத் துப்பாக்கியின் பகல் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பின்னால் மாட்டும் நைட் விஷன் கருவியை, அதாவது ஆட்-ஆனை, வைத்திருந்தேன். போன ஆண்டு கேமராவும் திரையும் ஒன்றாக உள்ள முழு டிஜிட்டல் ஸ்கோப்புக்கு மாறினேன். ஆனால் பழையதை விற்க மனம் வரவில்லை. அது ஏன் என்று எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். துப்பாக்கியில் நைட் விஷன் மாட்டலாமா என்பதே நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். உரிமமும் அனுமதியும் இருப்பவர்களுக்குள் நடக்கும் பேச்சாக இது இருக்கட்டும்.

பின்னால் மாட்டும் வகையில் எனக்குப் பிடித்தது, ஜீரோ (குறி வைத்த இடத்தில் குண்டு படும்படி செய்து வைத்த அமைப்பு) கலையாது என்பதுதான். ஸ்கோப்பின் கண்பகுதியில் தெரிவதைக் கேமரா எடுத்துத் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ரெட்டிகிள் (குறி பார்க்கும் கோடுகள்) ஸ்கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. கருவி சற்றுக் கோணலாக உட்கார்ந்தால் படம் ஓரத்துக்குப் போகும், குண்டு போகும் இடம் மாறாது.

தொல்லை கழுத்தில் ஆரம்பித்தது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே ஒரு பெட்டி வந்ததால் தலையைப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியவில்லை. முதல் மாதம் தவறிய குண்டுகளுக்கெல்லாம் கருவியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கட்டையில் ஒரு திண்டு கட்டிய பிறகுதான் குற்றவாளி நான் என்று தெரிந்தது.

அடுத்தது ஃபோகஸ். அகச்சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. பகலில் 100 மீட்டருக்குத் திருப்பி வைத்த பாரலாக்ஸ் திருகு (தூரத்துக்கு ஏற்ப ஃபோகஸைச் சரிசெய்வது) இரவில் அதே தூரத்துக்கு மங்கலாகக் காட்டும். திருகில் எழுதியிருக்கும் எண்ணை மறந்துவிட்டு, படம் தெளியும் வரை திருப்ப வேண்டும். லென்ஸ் பூச்சும் ஒரு காரணி. அது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்தது, அகச்சிவப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். என்னிடம் இருந்த இரண்டு ஸ்கோப்புகளில் விலை குறைந்ததுதான் இரவில் வெளிச்சமாகக் காட்டியது!

அப்புறம் அந்த ஒரு இரவு. வயல் ஓரம், சுமார் 120 மீட்டரில் இரண்டு கண்கள் பளிச்சென்று தெரிந்தன. உயரம் நரி உயரம், நடையும் நரி நடை. டிஜிட்டல் ஜூமை ஏற்றினேன். படம் பெரிதானது, ஆனால் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிரப் புதிதாக எதுவும் தெரியவில்லை. விரலை விசைக்கு வெளியே வைத்துக் காத்திருந்தேன். சில நிமிடம் கழித்து அது பக்கவாட்டில் திரும்பியது. கழுத்தில் பட்டை. நாய்.

விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் நரிக்கும் உண்டு, நாய்க்கும் உண்டு. மாட்டுக்கும் உண்டு. பன்றிக்கு அது கிடையாது. கண் மின்னினால் இன்ன விலங்கு என்றும் சொல்ல முடியாது, மின்னவில்லை என்றால் அங்கே ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது.

* * *

நாய்க் கதையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நான் உங்களுக்கும் மூத்த காலத்து ஆள், ட்யூப் (மங்கிய வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் குழாய்) வைத்துப் பழகியவன். முதல் தலைமுறை ட்யூப்பை ஆன் செய்தால் கொசு ரீங்காரம் போல ஒரு மெல்லிய சத்தம் வரும். நடுவில் தெளிவு, ஓரமெல்லாம் வளைவு. 1960களில் வியட்நாம் போருக்குப் போன ஸ்டார்லைட் ஸ்கோப்புகள் அந்தத் தலைமுறைதான். இரண்டாம் தலைமுறையில் எலக்ட்ரான்களைப் பெருக்கும் மைக்ரோசேனல் தகடு வந்தது, மூன்றாவதில் ஒளியை வாங்கும் பகுதிக்குக் காலியம் ஆர்சனைடு. படம் வேறு உலகமாகிவிட்டது.

நல்ல ட்யூப்பில் நட்சத்திர வெளிச்சமே போதும், பெரும்பாலும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு தேவைப்படாது. படத்தில் தாமதமும் இல்லை. ஓடும் விலங்கைத் தொடரும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் அதற்கு வெளிச்சம் எதிரி. என் ட்யூப் ஆனில் இருக்கும்போது ஒரு வண்டி முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நேராக வந்தது. அன்று விழுந்த கரும்புள்ளி படத்தின் இடது மேல் மூலையில் இன்றும் இருக்கிறது. டிஜிட்டல்காரர்கள் பகலில் கலர் படம் பார்க்கிறார்கள், நான் இன்னும் மூடியில் ஊசித்துளை வழியாகப் பார்க்கிறேன்.

* * *

முன்னால் மாட்டும் வகையை யாரும் சொல்லவில்லையே. என்னிடம் இருப்பது அதுதான். கண்ணும் கன்னமும் வழக்கமான இடத்தில் இருக்கும், கழுத்து வலி கிடையாது. ஆனால் ஜீரோ கலையாது என்று முதலில் சொன்ன அண்ணனின் வசதி எனக்கு இல்லை. ஒளி இந்தக் கருவி வழியாக வந்த பிறகுதான் ஸ்கோப்புக்குள் நுழைகிறது. உள்ளே ஒளியச்சு இம்மி விலகியிருந்தாலும் குண்டு தள்ளிப் போகும். என்னுடையது 100 மீட்டரில் இடது பக்கம் 6 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அதே 6 என்பதால் குறித்து வைத்துச் சமாளிக்கிறேன். மாட்டும்போதெல்லாம் வேறு வேறு அளவு வந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். ஸ்கோப்பை 6 மடங்குக்கு மேல் வைத்தால் படம் மணல் கொட்டியது போல ஆகிறது. குழல் பக்கம் கனமும் கூடிவிடும், நின்றுகொண்டு சுட முடிவதில்லை.

* * *

எனக்கு முதல் கருவியே டிஜிட்டல்தான், பழையது எதுவும் தெரியாது. ஒரே குண்டில் ஜீரோ வைக்கும் வசதியைப் பார்த்து வாங்கினேன். அந்த வசதி உண்மைதான், ஆனாலும் மூன்று குண்டு சுட்டு நடுவைப் பார்த்துச் சரிசெய்வதுதான் நம்பிக்கையாக இருக்கிறது.

ஐஆர் விளக்கில் ஏமாந்தேன். கண்ணுக்கே தெரியாது என்று 940 நானோமீட்டர் அலைநீள விளக்கை வாங்கினேன். 850 விளக்கில் லேசான சிவப்பு தெரியும், இதில் தெரியாது, அதுவரை சரி. ஆனால் 940இல் சென்சாருக்கு உணர்திறன் குறைவு, அதனால் எட்டும் தூரமும் குறைந்தது. பனிமூட்ட இரவில் இரண்டுமே வெள்ளைச் சுவர்தான். படுத்துச் சுடும்போது முன்னால் நாலு புல் நின்றால் போதும், ஒளி அதில் பட்டுத் திரும்பிப் பின்னால் இருப்பதெல்லாம் இருண்டுவிடும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பன்றி வெளியே வந்த நேரம் பார்த்துத் திரை அணைந்தது. திரை போனால் ரெட்டிகிளும் போய்விடும், கையில் மிஞ்சுவது வெறும் குழாய். இப்போது மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம்: ஆட்-ஆன், டிஜிட்டல் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கச் சொல்வீர்கள், அண்ணா?

* * *

தம்பி, நல்ல பகல் ஸ்கோப் ஏற்கெனவே இருந்து, இரவில் எப்போதாவதுதான் போகிறவர் என்றால் பின்னால் மாட்டும் கருவியைச் சொல்வேன். பேட்டரி தீர்ந்தால் கழற்றிவிடலாம், கண்ணாடி ஸ்கோப் அப்படியே இருக்கும். இருட்டில் சுட முடியாதுதான், ஆனால் விடிந்ததும் வேலை தொடரும். வாரம் இரண்டு இரவு போகிறவருக்கு டிஜிட்டல்தான். தலை இயல்பான இடத்தில் இருக்கும், மாட்டிக் கழற்றும் வேலை இல்லை, பதிவையும் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்த்துத்தான் நான் விசையைச் சுண்டுகிறேன் என்று கண்டுபிடித்தேன்.

எதை வாங்கினாலும் கடையில் படம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கேட்காதே. எவ்வளவு தூரத்தில் நாயையும் நரியையும் பிரித்துக் காட்டுகிறது என்று கேள். என் டிஜிட்டலில் கண் மினுக்கம் 300 மீட்டரில் தெரிகிறது, அடையாளம் அதில் பாதித் தூரத்தில்கூடத் தெளிவில்லை. ஐஆர் வெளிச்சம் தீர்ந்த இடத்தில் குண்டு நின்றுவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். சின்ன .22 துப்பாக்கியின் குண்டுகூட ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும்.

என் டிஜிட்டல் பெரிய துப்பாக்கியில் இருக்கிறது, பழைய ஆட்-ஆன் .22இல். இறுக்கத்துக்காகக் கண்பகுதியில் சுற்றிய டேப் மட்டும் வெயிலில் பிசுபிசுவென்று ஆகிறது. வேறு எதைச் சுற்றுகிறீர்கள் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.