நம் குடும்பம் (வாட்ஸ்அப் குழு): சித்தப்பாவின் கணினி

*சனிக்கிழமை*

சித்தப்பா, காலை 9.12: அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினி நான்கு நாள்களாக இயங்கவில்லை. கடைக்காரர் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, பழைய மாடல் என்பதால் பிராசசர், ரேம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்கிறார். வாங்கிவிடலாமா, கார்த்தி?

கார்த்தி, 9.20: பொறுங்கள் சித்தப்பா. போர்டு போயிருந்தால் பெரும்பாலும் திரையில் எழுத்தே வராது. உங்களுக்கு என்ன வருகிறது என்பதை அப்படியே சொல்லுங்கள்.

சித்தப்பா, 9.31: முதலில் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று வந்து, எஃப்1 விசையை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் 7 சின்னம் தோன்றி, அது முழுதாக வருவதற்குள் நீலத் திரை ஒரு கணம் மின்னி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) தேதி 1-1-2012 என்று இருக்கிறது.

கார்த்தி, 9.40: அந்தத் தேதியைத்தான் கேட்க நினைத்தேன். சிமாஸ் எரர் என்றால், போர்டு சேமித்து வைத்திருந்த அமைப்புகள் கெட்டுவிட்டன என்று பொருள். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றுவது போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரிதான். ஆனால் சுவர் சுவிட்ச் போட்டபடியே இருந்தால், கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும்; அதனால் பேட்டரி தீர்ந்தது வெளியே தெரியாது. அண்மையில் இரவில் சுவிட்சை அணைக்கத் தொடங்கினீர்களா?

சித்தி, 9.44: நான்தான் அணைக்கச் சொன்னேன். சென்ற வாரம் இடி இடித்த இரவில் எதிர்வீட்டு டிவி போய்விட்டது.

பெரியப்பா, 9.46: அப்படியானால் பழி கடைக்காரர் மேல் இல்லை, சுவிட்சை அணைக்கச் சொன்னவர் மேல்தான்.

கார்த்தி, 9.58: சித்தி செய்தது சரிதான், பெரியப்பா. சித்தப்பா, சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்குங்கள். சிஆர்2025-ஐக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அகலம் அதே 20 மில்லிமீட்டர்தான், ஆனால் தடிமன் 3.2-க்குப் பதில் 2.5 என்பதால் சரியாகப் பிடிக்காமல் போகலாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் வெற்று இரும்பைத் தொட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியின் ஓரத்திலுள்ள கொக்கியை விரலால் தள்ளினால் அதுவே மேலே எழும்பும்; ஸ்குரூடிரைவரால் நெம்ப வேண்டாம், வழுக்கினால் போர்டின் மேலோடும் கோடுகள் அறுந்துவிடும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கட்டும். திறந்தது திறந்தபடி, போர்டில் நிற்கும் சிறு உருளைகளான கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்; உப்பியிருந்தால் அவை கெட்டுவிட்டன என்று பொருள்.

சித்தப்பா, பிற்பகல் 3.15: மாற்றிவிட்டேன். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரில் பழையது 2.1 வோல்ட், புதியது 3.2 வோல்ட் காட்டின. கெபாசிட்டர்களின் தலைகள் தட்டையாகவே இருக்கின்றன. தூசியைப் பெயிண்ட் பிரஷால் தட்டும்போது, மின்விசிறிக்கடியில் ஒரு பல்லி முட்டை ஓடும் கிடைத்தது. தேதியைத் திருத்திய பிறகு எஃப்1 செய்தி வரவில்லை. நீலத் திரை மட்டும் போகவில்லை.

கார்த்தி, 3.27: அதில் 7பி என்று முடியும் எண் இருக்கும், பாருங்கள். வட்டைத் தொடக்கத்தில் அணுக முடியவில்லை என்று பொருள். எஸ்எஸ்டி என்ற புது வட்டைப் பொருத்திய அன்று, சாட்டா முறையை (போர்டு வட்டோடு பேசும் முறையை) ஏஎச்சிஐ என்று வைத்துத்தான் விண்டோஸை நிறுவினேன். பேட்டரி தீர்ந்ததும் உங்கள் போர்டு தன் பழைய இயல்பான ஐடிஇ முறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். டெலீட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போய், சாட்டா முறையை மறுபடி ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். வேறெதையும் தொடாதீர்கள்.

சித்தப்பா, 3.49: விண்டோஸ் வந்துவிட்டது! கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

சித்தி, 3.52: இனி இரவில் சுவிட்சை அணைக்கலாமா, கூடாதா?

கார்த்தி, 3.55: தாராளமாக அணையுங்கள். பேட்டரி சற்று விரைவாகத் தீரும்; அப்போது மாற்றிக்கொள்ளலாம். இடி இடிக்கும் நாளில் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், அதோடு இன்டர்நெட் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

*ஞாயிற்றுக்கிழமை*

சித்தப்பா, காலை 7.05: இரவு முழுவதும் சுவிட்ச் அணைந்தே இருந்தது. தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றன. வீட்டு வரி ரசீதை அச்செடுத்துவிட்டேன்.