நில வகைமாற்றத்துக்கு ஆட்சேபம்: தெரு அளக்கவும் சர்வே வரைபடம் படிக்கவும் ஆள் தேவை

வணக்கம். சென்னையில் ஒரு குடியிருப்புத் தெருவிலுள்ள மனையை வணிகப் பகுதியாக வகைமாற்றம் செய்வதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. ஆட்சேபத்துக்கு 21 நாள். ஒரு வாரம் போய்விட்டது.

கையெழுத்துக்குப் பஞ்சமில்லை, சரக்குக்குத்தான். ‘நெரிசல் கூடும்’ என்ற ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்பினாலும் எடை ஒரு கடிதத்துடையதுதான். ‘கட்டடமே வேண்டாம்’ என்பது அதைவிட மோசம்.

பிடி தெரு அகலத்தில் இருக்கிறது. 2019 கட்டட விதிகளில் உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு அடிப்படை எப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு) 2. அதற்கு மேல் கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் எப்.எஸ்.ஐ. (பிரீமியம்), தெரு 9 மீட்டர் இருந்தால் 30 சதவீதம், 12 என்றால் 40, 18 என்றால் 50. 8.7 மீட்டரை 9 என்று காட்டினால் ஒரு தளமளவு கூடிவிடும். தார் விளிம்பை அளக்காதீர்கள். மதிலுக்கு மதில் அளக்க வேண்டும். வாசல்படியும் சாய்தளமும் தெருவுக்குள் வந்திருந்தால் கணக்கு ஏமாற்றும், அதனால் சர்வே வரைபடத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

தேவை: நகர நிலஅளவை வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவர், மாலை 6 முதல் 8 வரை வண்டி எண்ண நான்கு பேர். தகவல் உரிமை மனு (10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப்) போடலாம்தான். பதிலுக்கு 30 நாள் ஆகும், கெடு தாண்டிவிடும். வகைமாற்றக் கோப்பை அலுவலகத்தில் நேரில் பார்த்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அளக்க வருபவர்கள் 30 மீட்டர் டேப் கொண்டுவந்தால் நல்லது.